ஸ்டூடிபேக்கரில் போனவர்கள்

ஸ்டூடிபேக்கர் கார்க் கம்பெனியை அமெரிக்காவில் இழுத்து மூடிவிட்டார்கள் என்ற சேதி ஊத்துப்பாளையத்துக்கு வந்து சேர்ந்த வருசம், ஆடி முடிந்து தாராபுரத்தில் இருக்கும் புருசன் வீட்டுக்கு, ஊரிலிருந்த ஒரே ஸ்டூடிபேக்கர் காரில் போன செம்பா, அன்று சாயங்காலமே அதே காரில் திரும்பி வந்து அம்மா வீட்டு வாசலில் இறங்கினாள். தாராபுரத்திலும் இருந்தாள்.

கார் மயிலாத்தாளுடையது. அவளுடைய கல்யாணத்தின்போது அவளைப் பெற்ற ஐயன் கோயமுத்தூரிலிருந்து ஓட்டிவந்து, மாலை போட்டு, மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டுப் போன கார். ஏரோப்ளேனுக்கு இருப்பதுபோல முன்பக்கம் உருண்டு கூர்ந்த ஒரு மூக்கு அதற்கு இருந்ததால் பொள்ளாச்சி வரைக்கும் அதை மூக்குக்கார் என்றுதான் சொல்வார்கள். முன்னும் பின்னும் ஒரே சாடையாக நீண்டிருந்ததால், தூரத்தில் தெரிகையில் அது வருகிறதா போகிறதா என்று ஒருவருக்கும் விளங்காது. பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் கை காட்டிக்கொண்டே நிற்பார்கள், கார் சிறுத்துச் சிறுத்து மறைந்துபோன பிறகுதான் அது போய்க்கொண்டிருந்தது என்று தெரியவரும். ஆழியாறு மலைப்பாதையில் ஏற்றத்தில் நிறுத்தினால் மற்ற கார்களெல்லாம் பின்னால் உருண்டு வர, இது மட்டும் கிளட்சை மிதித்தபடி இருந்தால் நிறுத்தின இடத்தில் நிறுத்தினபடி நிற்கும். பின்வாங்காத கார் என்று மயிலாத்தாளின் ஐயனுக்கு அதில் ஒரு பெருமை இருந்தது.

கோயமுத்தூரில் அதை ரிப்பேர் பார்க்கும் வரதராஜுலு நாயுடுதான் கம்பெனியின் கதையைச் சொன்னவர். அண்ணன் தம்பி ஐந்து பேர். கொல்லுப்பட்டறைக்காரன் மக்கள். முதலில் மாட்டு வண்டி, குதிரை வண்டி செய்தார்கள். அவர்களில் ஒருவன் தங்கம் தோண்டுகிற சீமைக்குப் போய், தங்கம் தோண்டாமல், தோண்டுகிறவர்களுக்கு மண் தள்ளும் ஒற்றைச் சக்கர வண்டி செய்து கொடுத்துச் சம்பாதித்துக்கொண்டு வந்தான். அந்தப் பணத்தில் வண்டிப்பட்டறை பெருகி, பட்டாளத்துக்கெல்லாம் வண்டி கொடுத்து, பிறகு காருக்கு மாறி, நூறு வருசத்துக்கு மேல் ஓட்டி, இப்போது மூடிவிட்டார்கள். இதை நாயுடு ஒரு எழவு வீட்டில் சொல்வதுபோலக் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் சொன்னார்.

"இனிமே சாமான் வராதுங்க அம்மிணி. போனது போனதை லேத்துல கடைஞ்சு போட்டு ஓட்டிக்க வேண்டியதுதான்."

"கம்பெனி போயிட்டா இது யாருதுங்க?" என்றாள் மயிலாத்தாள்.

"உங்களுதுதான்."

"அதில்லீங்க. இதுக்கு யாரு இருக்காங்கன்னு கேக்கறேன்."

நாயுடு அழுக்குத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டார்.

செம்பாவின் காரியத்துக்கு வருவோம். அவளோடு துணைக்குப் போன தாய்மாமன் கிட்டுச்சாமி, அவளைத் தாராபுரத்தில் மாமியார் கையில் ஒப்படைத்து, காப்பி குடித்து, வெற்றிலை வாங்கிக்கொண்டு, டிரைவர் உதுமானுக்குப் பக்கத்தில் முன்சீட்டில் உட்கார்ந்து தூங்கிக்கொண்டே வந்தார். வழியில் எங்கும் கார் நிற்கவில்லை. ஊருக்குள் வந்து நின்றதும் பின்கதவு திறக்கிற சத்தம் கேட்டுத் திரும்பினால், செம்பா ஒரு கையில் முறுக்குத் தூக்கும் மறுகையில் செருப்புமாக இறங்கிக்கொண்டிருந்தாள். "எங்கம்மா எங்கீங் மாமா?" என்று கேட்டுவிட்டு வீட்டுக்குள் போனாள்.

ஓடிவந்துவிட்டாள் என்று தாய் ராக்கியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். மறுநாள் ஆட்கள் பஸ் ஏறித் தாராபுரத்துக்குப் போய்ப் பார்த்தால், செம்பா அங்கே அடுப்பில் ஊதுகுழாயால் ஊதிக்கொண்டு, கண் கலங்கி நிமிர்ந்து, "வாங்க, வாங்க, எல்லாரும் சொகந்தானே?" என்றாள். போனவர்கள் அவள் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, ஒன்றும் கேட்கத் தோன்றாமல் திரும்பி வந்தார்கள். இங்கே செம்பா வாசல் கூட்டிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு மளிகைக்கடைக் கந்தப்பன், பழனிக்கு முடியிறக்கப் போன பண்ணாடி வீட்டுப் பெரியவர், பம்பாயில் வேலை கிடைத்துப் போத்தனூர் ரயிலுக்குப் போன வாத்தியார் மகன் என்று, அந்தக் கார் யாரை எங்கே விட்டுவிட்டு வந்தாலும் அவர்கள் அங்கேயும் இருந்தார்கள், ஊரில் கார் வந்து நின்றதும் பின்கதவைத் திறந்துகொண்டு இங்கேயும் இறங்கினார்கள். போனவர்களுக்குத் திரும்பி வருகிற நினைப்பே எழவில்லை. வந்தவர்களுக்கு, போனது முன்பு எப்போதோ பார்த்த கூத்து மாதிரி கொஞ்சம் ஞாபகம் இருந்தது. காரிலேயே போய்க் காரிலேயே வந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கார் விட்டுவிட்டு வந்தவர்களுக்குத்தான் இப்படி. எங்கே தானும் விடுபட்டுவிடுவோமோ என்ற பயத்தில் உதுமான் வெளியூரில் காரைவிட்டு இறங்குவதை அடியோடு நிறுத்தினார். சோற்றுப் பொட்டணத்தைக்கூட ஸ்டியரிங்கின் மேல் வைத்துத்தான் பிரித்தார்.

ஊர் முதல் மாதம் பயந்தது. இரண்டாம் மாதம் கோயிலில் கூடிப் பேசியது. சாமியிடம் பூக்கேட்டுப் பார்த்ததில் சரி என்கிற வெள்ளைப்பூவும் விழுந்தது, கூடாது என்கிற சிவப்புப்பூவும் விழுந்தது. மூன்றாம் மாதத்திலிருந்து பெண்ணைப் பெற்றவர்கள் மயிலாத்தாளின் வாசலில் வந்து நிற்க ஆரம்பித்தார்கள். மகளைக் கட்டிக்கொடுத்தும் கொடுக்காமலும் இருக்க ஒரு வழி கிடைத்தால் எந்தத் தாய் வேண்டாம் என்பாள்? பொண்ணு மட்டும் காரில் போகட்டும், மாப்பிள்ளை பஸ்ஸில் வரட்டும் என்று நிச்சயதார்த்தத்திலேயே பேசிக்கொண்டார்கள். இல்லாவிட்டால் மாப்பிள்ளையும் சேர்ந்து இங்கே வந்து இறங்கிவிடுவார். நெஞ்சுவலிக்காரர் ஒருவரைக் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வந்தார்கள், நோயாவது அங்கே நின்றுவிடும் என்று. அவர் அங்கேயும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தார், இங்கேயும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். அதில் ஊருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனாலும் பழகிவிட்டது. 'நீ எந்த ஆளு?' என்று யாரையும் கேட்கக்கூடாது என்பது மட்டும் சொல்லாமலே ஒரு கட்டுப்பாடாக நின்றது.

செம்பாவுக்குத் தாராபுரத்தில் ஆண்குழந்தை பிறந்தது என்று ஆள் வந்து சொன்னபோது, இங்கே இருந்த செம்பா புடவைக்கு மேலே வயிற்றில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். மயிலாத்தாள் அதைப் பார்த்தாள். பார்த்தது ஏன் தன்னை அப்படி உறுத்துகிறது என்று அவளுக்கு அப்போது தெரியவில்லை.

மயிலாத்தாளுக்குப் பிள்ளைகள் இல்லை. புருசன் வெள்ளிங்கிரி பேசுகிற ஆளும் இல்லை. கொப்பரைக்கு விலை பேசப் போகிறேன் என்று பாலக்காட்டுக்குப் பக்கத்தில் சித்தூருக்குப் போவார், வருவார். சித்தூரில் கொப்பரை இல்லை, தேவகி என்று ஒரு தையல் டீச்சர் இருக்கிறாள் என்பது ஊருக்குத் தெரியும், ஊருக்குத் தெரியும் என்பது மயிலாத்தாளுக்கும் தெரியும். கார் இப்படி ஆன பிறகு அவர் பஸ்ஸிலேயே போய் வந்தார். ஒருநாள் காலையில், வேட்டி சட்டைகளை டிரங்குப் பெட்டியில் அடுக்கி, காரில் ஏற்றச் சொல்லி, "வர்றேன்" என்று அவள் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

சாயங்காலம் கார் வந்து நின்றது. பின்கதவைத் திறந்துகொண்டு வெள்ளிங்கிரி இறங்கினார்.

"பசிக்குது மயிலு," என்றார்.

அவளை அவர் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பல வருசமாகியிருந்தது. சோறு போட்டாள். நீயும் உட்கார் என்றார். உட்கார்ந்தாள். ரசம் நன்றாக இருக்கிறது என்றார். சாப்பிட்டு முடித்ததும் அவள் எச்சிற்கையோடு எழுந்திருக்கும்வரை அவரும் எழுந்திருக்கவில்லை. மறுநாள் அவளுக்குக் கிணற்றில் தண்ணீர் இறைத்துக் கொடுத்தார். அதற்கு மறுநாள் மாட்டுக் கொட்டகையில் அவள் சாணி அள்ளும்போது பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, சின்ன வயதில் தன்னை முட்டிய ஒரு காளையைப் பற்றிச் சொன்னார். மயிலாத்தாளுக்கு ஒன்றும் புரியவில்லை. சந்தோசப்படலாமா கூடாதா என்று அவள் யோசித்துக்கொண்டிருக்கையிலேயே சந்தோசம் அதுபாட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

உதுமான்தான் தாங்கமாட்டாமல் சொன்னார். பல வருசமாக அந்த வீட்டு உப்பைத் தின்றவர்.

"அம்மிணி, ஐயா அங்கயே இருந்துட்டாருங். பெட்டிய இறக்கி உள்ளார கொண்டுபோய் வெச்சதே அந்தத் தேவகி டீச்சருதானுங்க. எனக்கு மனசு கேக்கல."

"எனக்குத் தெரியுமுங்கண்ணா," என்றாள் அவள். தெரியும் என்று சொன்ன பிறகுதான் அவளுக்கு அது தெரிந்தது.

அன்றைக்கு நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்த வெள்ளிங்கிரியிடம் நேராகவே கேட்டாள். "நீங்க போயிட்டீங்களா, வந்துட்டீங்களா?"

அவர் உரித்த பருப்பை அவள் மடியில் போட்டுக்கொண்டே யோசித்தார். "இறங்கோணும்னுதான் போனேன். அவ வீட்டு வாசல்ல கதவைத் தொறந்தேன். காலைக் கீழ வெச்சேன். பாத்தா நம்ம வாசல். அவ்வளவுதான் புள்ளே எனக்குத் தெரியும்."

இதற்கு என்ன கோபப்படுவது? விட்டுவிட்டுப் போனவர் இங்கே இல்லை. இங்கே இருப்பவர் விட்டுவிட்டுப் போகவில்லை. ராக்கியம்மாளிடம் வாய்விட்டுச் சொன்னபோது, "ஆளு வந்துட்டாருல்ல, அப்புறமென்ன உனக்கு?" என்றாள். எல்லாரும் அதையே சொன்னார்கள். ஆள் வந்துவிட்டார். அவளும் அதையே தனக்குச் சொல்லிக்கொண்டு ராகி அரைத்தாள், மாட்டைக் குளிப்பாட்டினாள், அவர் சிரித்தால் சிரித்தாள், சிரித்து முடிக்கையில் சித்தூரில் அவர் இப்போது எதற்குச் சிரித்துக்கொண்டிருக்கிறாரோ என்று நினைத்தாள்.

கடைசியில் ஒருநாள் பஸ் ஏறிச் சித்தூருக்குப் போனாள். காரில் போகவில்லை. தன்னில் ஒருத்தியை அங்கே விட்டுவிட்டு வர அவளுக்கு விருப்பமில்லை.

வாசலில் வெற்றிலைக்கொடி படர்ந்த ஒரு ஓட்டு வீடு. உள்ளே தையல் மிசின் ஓடுகிற சத்தம். வெள்ளிங்கிரி கொடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் செம்பைக் கீழே வைத்தார். நல்லவேளை, வா என்றும் சொல்லவில்லை, ஏன் வந்தாய் என்றும் கேட்கவில்லை.

"நான் அங்க எப்படி இருக்கேன்?" என்று கேட்டார்.

"நல்லா இருக்கீங்க."

"கடவாய்ப்பல் வலி?"

"இருக்குதுங்க. கிராம்பு வெச்சுக்கறீங்க."

"எனக்கும் இருக்குது," என்று கன்னத்தைத் தொட்டுக்கொண்டார். பிறகு, "யாருக்கும் நட்டமில்லாமப் போகலாம்னுதான் மயிலு அந்தக் கார்ல வந்தேன்," என்றார்.

அவள் அவரையே பார்த்தாள். இவர்தான் அவளுக்குத் தெரிந்த வெள்ளிங்கிரி. முகத்தைப் பார்க்காமல் பேசுகிற, பாதியில் நிறுத்திக்கொள்கிற, அவள் இத்தனை வருசம் சோறு போட்ட, காத்திருந்த ஆள் இவர்தான். வீட்டில் இருக்கிற நல்ல மனுசனை அவளுக்கு இன்னும் அவ்வளவாகப் பழக்கமில்லை. மிசின் சத்தம் நின்று, தேவகி கதவோரம் வந்து நின்றாள். தலை நரைக்கத் தொடங்கிய, நூல் துண்டுகள் ஒட்டிய ரவிக்கை போட்ட, ஒல்லியான பெண். "உள்ளே வாங்கோ சேச்சி, வெயிலாணல்லோ," என்று மலையாளத்தில் அக்காள் முறை வைத்துக் கூப்பிட்டாள். மயிலாத்தாள் போகவில்லை. பஸ் வந்துவிடும் என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

தை மாதம் கழிந்து ஒரு காலைநேரம், தேவகியின் தம்பி சேகரன் ஊத்துப்பாளையத்துக்கு வந்தான். வழி கேட்டுக்கொண்டு வந்து வாசலில் நின்று குரல் கொடுத்தான். கையில் செம்போடு வெளியே வந்த வெள்ளிங்கிரியைப் பார்த்ததும் அவனுக்கு முகம் வெளுத்தது. அக்காளும் மாமனும் எல்லாம் சொல்லியிருந்தார்கள்தான். சொல்லிக் கேட்டது வேறு.

"யாரைப் பாக்கோணும்?"

"வெள்ளிங்கிரி ஐயாவைப் பத்தி... வீட்ல சொல்லணும்னு வந்தேன்."

"சொல்லு."

"தவறிட்டாருங்க."

கையிலிருந்த செம்பைத் திண்ணையில் வைத்தார். "எப்போ?" என்றார் வெள்ளிங்கிரி.

"விடிகாலையில. நெஞ்சு வலிக்குதுன்னாரு. அவ்வளவுதான். சாயங்காலம் எடுத்துடுவோம். சொந்தக்காரங்க யாராச்சும்..." என்று சொல்லிக்கொண்டே வந்தவன், யாரிடம் சொல்கிறோம் என்பது உறைத்து நிறுத்திக்கொண்டான். மயிலாத்தாள் அவனுக்கு மோர் கொடுத்தாள். அவன் குடித்தான். வெள்ளிங்கிரி திண்டாடிப்போய்த் தன் நெஞ்சைத் தடவிப் பார்த்தார்.

வேப்பமரத்தடியில் ஊர் கூடியது. இதுவரைக்கும் காரில் போன யாரும் செத்ததில்லை. தீட்டு உண்டா? பங்காளிகள் தலைமுழுக வேண்டுமா? வேண்டுமென்றால் வெள்ளிங்கிரியும் தலைமுழுக வேண்டுமா? தனக்குத் தானே மொட்டை போட்டுக்கொள்வது எந்த ஊர் வழக்கம்? மயிலாத்தாள் தாலியைக் கழற்றுவதா வேண்டாமா? கழற்றினால் அதை மறுபடியும் கட்டப்போவது யார்? பேசிப் பேசி வெயில் ஏறியது. முடிவில் கந்தப்பன்தான் எல்லாருக்கும் சேர்த்துச் சொன்னார்.

"ஆளு இங்க குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கையில எழவு எங்கீங்க வந்துச்சு? யாரும் போக வேண்டியதில்லை."

எல்லாருக்கும் அது சௌகரியமாக இருந்தது. துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்கள்.

வெள்ளிங்கிரி வீட்டுக்குள் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். மயிலாத்தாள் பக்கத்தில் போய் உட்கார்ந்து முதுகில் கையை வைத்தாள். முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது.

"யாராச்சும் எனக்கு அழுகோணும் மயிலு," என்றார் சுவரிடம். "எனக்குப் போகப் பயமா இருக்குது. என்ற மூஞ்சிய அப்படிப் பாக்க என்னால ஆகாது."

சித்தூர்ப் பக்கம் போகிற பஸ் போய்விட்டிருந்தது. அடுத்த பஸ்ஸில் போய்ச் சேர்வதற்குள் எடுத்துவிடுவார்கள். மயிலாத்தாள் முகம் கழுவி, வெளுத்த சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். உதுமான் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார், காரின் மூக்கை.

"கிளம்புங்கண்ணா, சித்தூருக்கு."

"கூடவே இருந்து கூட்டியாந்துர்றேனுங் அம்மிணி. காத்திருக்கறேன்."

"பொணம் எடுத்து, சாம்பலாகி, அந்தப் பொம்பளை ஒரு வாய்க் கஞ்சி குடிக்கற வரைக்கும் காத்திருப்பீங்களா? இறங்காம ரெண்டு நாளு வண்டியில உக்காந்திருப்பீங்களா?"

உதுமான் துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"விட்டுட்டு வந்துருங்க," என்றாள்.

கார் கிளம்பியது. லேத்தில் கடைந்த சாமான்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு குரலில் முனகின. வழியெல்லாம் அவள் தன்னையே கேட்டுக்கொண்டு வந்தாள், நான் அழப்போவது யாருக்காக என்று. என்னை விட்டுவிட்டுப் போனவருக்காகவா? என்னோடு இருந்தவரும் அவர்தானே. பழைய வருசமெல்லாம் அவரோடு, இந்தக் கொஞ்ச மாதம் மட்டும் வீட்டில் இருக்கிறவரோடு என்று பிரிக்க முடியுமா? வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறவரை நினைத்தாலும் அழுகை வந்தது, கூடத்தில் கிடத்தியிருப்பவரை நினைத்தாலும் அதே அழுகைதான் வந்தது. கண்ணாடிக்கு வெளியே நெல்வயல்களும் பனைகளும் பின்னால் போயின. அவளுக்கு அவையெல்லாம் முன்னால் வருவதுபோலவும் இருந்தது.

வீட்டு முன்னால் கொஞ்சம் ஆட்கள்தான் நின்றார்கள். அவள் இறங்கினாள். கீழே வைத்த கால் எந்த வாசலில் படுகிறதோ என்று ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது வெற்றிலைக்கொடி தெரிந்தது. பின்னால் கார் திரும்புகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லை.

கூடத்தில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் தேவகி அழாமல் உட்கார்ந்திருந்தாள். அழ உரிமை உண்டா என்று தெரியாதவள்போல, நூலறுக்கும் கத்தரியைக் கையில் வைத்துத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். மயிலாத்தாள் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கத்தரியை வாங்கி அப்பால் வைத்துவிட்டு, அவள் தோளைக் கட்டிக்கொண்டு குரலெடுத்தாள். கன்னம் வீங்கின பல்வலிக்காரரே என்று பாடினாள். முகம் பாராமல் போனவரே என்று பாடினாள். வாசல் மாறி இறங்கினவரே, வந்தும் வராதவரே, நட்டமில்லாமல் போக நினைத்தவரே என்று, அவளுக்கே தெரியாமல் எங்கிருந்தோ சொல் வந்துகொண்டிருந்தது. அதைக் கேட்டுத் தேவகி முதலில் ஒரு விக்கல் விக்கினாள். பிறகு அந்த வீடே அதிர அழுதாள்.

சாயங்காலம் எடுத்தார்கள். சேகரன் கொள்ளி வைத்தான். அந்நேரம் ஊத்துப்பாளையத்தில் கார் வந்து நின்றிருக்கும், பின்கதவு திறந்திருக்கும், அவள் இறங்கி உள்ளே போய், அழுதேன் என்று அவரிடம் சொல்லி, அவர் எழுந்து உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருப்பார் என்று மயிலாத்தாள் நினைத்துப் பார்த்தாள். அது யாரோ தூரத்துச் சொந்தக்காரர்களின் சேதி போல நல்லபடியாக இருந்தது. அங்கே போக வேண்டும் என்று மனசுக்குள் எங்கேயாவது துடிக்கிறதா என்று, வலிக்கிற பல்லை நாக்கால் தேடுவதுபோலத் தேடினாள். ஒன்றும் அகப்படவில்லை. அது அவளுக்குப் பெரிய குழப்பமாகத்தான் இருந்தது.

மறுநாள் தேவகிக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள். வீடு கழுவிவிட்டாள். தைக்கக் கொடுத்தவர்கள் வந்து கேட்டால் நாலு நாள் கழித்து வரச் சொன்னாள். கருமாதி முடிந்தது. ஆட்கள் போய்விட்டார்கள். கொல்லைப்புறத்தில் இருவரும் ஒரு போர்வையின் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து முறுக்கிப் பிழிந்துகொண்டிருக்கையில், வெகுநாளாகக் கேட்கத் தயங்கியதைத் தேவகி கேட்டாள்.

"சேச்சி எப்போ ஊருக்குப் போறது?"

மயிலாத்தாள் பிழிந்துகொண்டே இருந்தாள். தண்ணீர் சொட்டி நின்றதும் போர்வையை உதறி, தேவகி அந்தப் பக்கம் இழுக்க, இந்தப் பக்கம் தான் இழுத்துக் கொடியில் விரித்தாள்.

"நான் போயாச்சு," என்றாள்.